வெரிகோஸ் வெயினுக்கு ஒரு ஊசி போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 52 வயது, ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை. வலது காலில் நரம்பு, அதாவது ரத்தக்குழாய், சுருட்டிப் புடைத்திருக்கிறது (இதுதான் வெரிகோஸ் வெயின்), கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துவிட்டது, சாயங்காலமானால் வீக்கம். ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எதுவும் எடுக்காமலே "ஆபரேஷன் வேண்டாம், ஊசியிலேயே சரி பண்ணிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கும் தொடையில் சிலந்தி வலை மாதிரி நீலமும் சிவப்புமாகக் கோடுகள் இருப்பதால், அதே ஊசியை நீங்களும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். ஊசி நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தாலும், அம்மாவைக் கத்தி படாமல் காப்பாற்ற முடியுமா, செலவு செய்த பிறகு திரும்ப வந்துவிடுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கவலை என்று நினைக்கிறேன். நான் அறுவை சிகிச்சை மருத்துவன், ரத்தக்குழாய்ப் பிரிவில் பல வருடமாக இந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். அம்மாவின் காலை நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்ல முடியாது, அது உங்களுக்கே தெரியும்.

காலில் ரத்தம் கீழிருந்து மேலே இதயத்துக்கு ஏற வேண்டும். கெண்டைக்கால் சதை சுருங்கும்போது ரத்தம் மேலே தள்ளப்படுகிறது, தள்ளப்பட்டது திரும்பக் கீழே இறங்காமல் இருக்க உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. பெரும்பகுதி ரத்தத்தை, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை, சதைக்குள்ளே ஆழத்தில் ஓடும் குழாய்கள்தான் கொண்டுபோகின்றன. தோலுக்கு அடியில் ஓடும் குழாய்களின் பங்கு கொஞ்சம்தான். அதில் முக்கியமானது கணுக்காலிலிருந்து உள்பக்கமாகத் தொடையிடுக்கு வரை போகும் சஃபீனஸ் குழாய். அதன் வால்வுகள் பழுதானால் நிற்கும்போது ரத்தம் மேலிருந்து கீழே வழிந்து தேங்கும், கிளைகள் தாங்காமல் புடைத்துச் சுருண்டுகொள்ளும். பரம்பரை, பிரசவங்கள், வயது, உடல் எடை, அதோடு மணிக்கணக்காக நிற்கும் வேலை எல்லாம் சேர்ந்து இதைக் கொண்டுவருகின்றன. என்னிடம் வருகிறவர்களில் டீ மாஸ்டர்கள், பரோட்டா மாஸ்டர்கள், டீச்சர்கள், டிராஃபிக் போலீஸ்காரர்கள், அப்புறம் அம்மாவைப் போல ஜவுளிக் கடைப் பெண்கள் அதிகம். கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை போட்டே ஆக வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள், கேரளாவில் அதற்கு முன்பே 2018இல் வந்துவிட்டது. நாற்காலி வந்தது உண்மை, வாடிக்கையாளர் பார்க்கும்போது அதில் உட்காரலாமா என்று கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். இந்தச் சிகிச்சையின் பெயர் ஸ்க்ளீரோதெரபி. ஊசியால் நரம்பைக் "கரைத்துவிடலாம்" என்று பலர் சொல்வது சரியான விவரம் கிடையாது, அந்த மருந்து எதையும் கரைப்பதில்லை. குழாயின் உள்சுவரை வேண்டுமென்றே புண்ணாக்குகிறது. புண்ணான சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன, குழாய் மூடி நார் மாதிரி இறுகுகிறது, பிறகு மாதக்கணக்கில் உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது. இங்கே அதிகம் புழங்கும் மருந்துகள் இரண்டு, பாலிடோகனால், சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட். முதலாவது ஆரம்பத்தில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக வந்தது, அதனால் போடும்போது எரிச்சல் குறைவு. வீரியமான உப்புக் கரைசலையும் சிலர் போடுகிறார்கள், அது எரியும், தசை பிடித்துக்கொள்ளும். யோசனை ஒன்றும் புதிதில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊசிக்குழல் வந்த காலத்திலிருந்தே எதையாவது உள்ளே செலுத்திக் குழாயை அடைக்க முயன்றிருக்கிறார்கள். 1960களில் டப்ளினில் ஃபீகன் என்ற மருத்துவர், ஊசி போட்ட கையோடு காலை இறுக்கிக் கட்டி நடக்கவிடும் முறையைப் பரப்பினார். இன்றைக்கும் ஊசி போட்டவுடன் எழுந்து நடங்கள் என்று சொல்வது அந்த வழக்கம்தான்.

பெரிய மாற்றம் வந்தது ஃபோம், அதாவது நுரை வந்த பிறகு. மருந்தைத் திரவமாகப் பெரிய குழாயில் விட்டால் ரத்தத்தில் கலந்து நீர்த்துப்போகும். நுரையாக்கி விட்டால் ரத்தத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சுவரில் ஒட்டி நிற்கும், குறைந்த மருந்திலேயே வேலை நடக்கும். 2000 வாக்கில் இத்தாலியின் டெஸ்ஸாரி எளிய வழி ஒன்றைக் காட்டினார். இரண்டு சிரிஞ்சுகளை மும்முனைத் திருகில் இணைத்து, ஒரு பங்கு மருந்தையும் நான்கு பங்கு காற்றையும் இங்கும் அங்கும் வேகமாகத் தள்ளினால் ஷேவிங் க்ரீம் போல வெள்ளை நுரை வந்துவிடும். சீக்கிரமே உடைந்துவிடும் என்பதால் உடனே செலுத்த வேண்டும். அல்ட்ராசவுண்ட் திரையில் நுரை வெள்ளையாக ஓடுவது தெரியும், அதனால் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போடலாம். ஒரு தடவையில் மொத்த நுரை 10 மில்லிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்லும் அளவு.

இப்போது உங்கள் இருவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இருப்பது, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய சிலந்தி நரம்புகள். அவற்றுக்கு ஊசிதான் முதல் தேர்வு, இதில் பெரிய சர்ச்சை கிடையாது. தலைமுடி மாதிரி மெல்லிய ஊசியில், 0.25 அல்லது 0.5 சதவீதம் போன்ற நீர்த்த மருந்து, திரவமாகவே போதும். ஒரே தடவையில் முடியாது, சில வார இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், பலன் தெரிய மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். அம்மாவின் விஷயம் முழுக்க வேறு. கணுக்காலில் தோல் கறுத்திருக்கிறது என்றால் அங்கே பல வருடமாக ரத்தம் தேங்கி, சிவப்பணுக்கள் வெளியே கசிந்து, அதில் உள்ள இரும்புச்சத்து தோலில் படிந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த நோயை சி0 முதல் சி6 வரை நிலைகளாகப் பிரிப்போம். உங்களுடையது சி1, அழகுக்குத்தான் கேடு. அம்மாவுடையது நான் நினைப்பது சரியென்றால் சி4, ஆறிய புண்ணும் ஆறாத புண்ணும்தான் அதற்கு அடுத்த நிலைகள். அங்கே புடைத்திருப்பதை மட்டும் ஊசியால் மூடுவது, மேலே மதகு திறந்து கிடக்க, கீழே வாய்க்காலில் மண் கொட்டி அணைகட்டுவது மாதிரி. கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் தண்ணீர் பக்கத்தில் வழி கண்டுபிடித்துவிடும்.

அதனால்தான் ஸ்கேன் எடுக்காமல் ஊசி என்று சொன்னது எனக்கு உறுத்துகிறது. ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் அல்ட்ராசவுண்டான டாப்ளர் ஸ்கேன், அதுவும் அம்மாவை நிற்க வைத்து எடுத்தது, கண்டிப்பாக வேண்டும். படுக்க வைத்தே எடுத்து நார்மல் என்று எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கெண்டைக்காலைப் பிசைந்து விட்டதும் ரத்தம் பின்னோக்கி அரை வினாடிக்கு மேல் ஓடினால் வால்வு பழுது. அது சஃபீனஸ் போய்ச் சேரும் தொடையிடுக்கிலா, முழங்காலுக்குப் பின்னாலா, நடுவில் ஆழக்குழாயோடு இணைக்கும் கிளைகளிலா, குழாய் எத்தனை மில்லிமீட்டர் விட்டம், ஆழக்குழாயில் பழைய ரத்தக்கட்டு ஏதாவது இருக்கிறதா, இத்தனையும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். ஆழக்குழாய் அடைபட்டிருந்தால், புடைத்திருக்கும் குழாய்கள்தான் ரத்தத்துக்கு மாற்று வழியாக இருக்கலாம், அவற்றையும் மூடினால் கால் இன்னும் மோசமாகும். ஜவுளிக் கடையில் வேலை செய்த ஒரு பெண்மணி வேறொரு இடத்தில் இரண்டு வருடத்தில் மூன்று தடவை ஊசி போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். ஒவ்வொரு தடவையும் சில மாதம் நன்றாக இருந்து மறுபடி புடைத்திருக்கிறது. நிற்க வைத்து ஸ்கேன் எடுத்தபோது தொடையிடுக்கிலேயே வால்வு முழுதாகப் போயிருந்தது. குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டு லேசர் சூட்டால் அதை மூடிய பிறகு, கீழே மிச்சமிருந்த சுருட்டலுக்கு அதே ஊசி நன்றாகவே வேலை செய்தது. மருந்தில் கோளாறே இல்லை, வரிசைதான் மாறிப்போயிருந்தது.

சஃபீனஸையே நுரை ஊசியால் மூடலாமே என்று கேட்பீர்கள். மூடலாம், செய்கிறோம். எவ்வளவு நாள் மூடியிருக்கும் என்பதில்தான் வித்தியாசம். பிரிட்டனில் 11 மருத்துவமனைகளில் 798 பேரை லேசர், நுரை ஊசி, அறுவை சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்து ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஐந்தாம் வருட முடிவில் லேசரும் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களின் கால் சார்ந்த வாழ்க்கைத் தரம், நுரை ஊசி போட்டவர்களைவிட நன்றாக இருந்தது. அந்த நாட்டு வழிகாட்டுதல் 2013லேயே முதலில் லேசர் அல்லது ஆர்.எஃப்.ஏ. (ரேடியோ அலைச் சூட்டால் குழாயை மூடும் முறை), அது முடியாவிட்டால் நுரை ஊசி, அதுவும் முடியாவிட்டால் அறுவை சிகிச்சை என்று வரிசைப்படுத்திவிட்டது. குழாய் எவ்வளவு பெரிதோ, ஊசிக்குப் பிறகு மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். ஆனால் ஊசியை ஏழை வீட்டுச் சிகிச்சை என்று ஒதுக்குவதும் தப்பு. மயக்க மருந்து தாங்காத வயதானவர்கள், லேசர் கம்பி நுழையாத அளவுக்கு வளைந்து நெளிந்த குழாய்கள், ஆபரேஷன் செய்து திரும்ப வந்தவை, ஆறாத புண்ணுக்கு நேர் அடியில் ஓடும் குழாய்கள், இவற்றுக்கெல்லாம் நான் முதலில் எடுப்பதே நுரை ஊசியைத்தான். 2018இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில், கால் புண் உள்ள 450 பேரில் பழுதான குழாயைச் சீக்கிரமே மூடியவர்களுக்குப் புண் ஆற நடுமதிப்பாக 56 நாள் ஆனது, தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். அப்படி மூடப்பட்டதில் கணிசமானது நுரை ஊசியில்தான். அம்மாவுக்குத் தோல் கறுத்த நிலையிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, கிளினிக்கில் "ஊசி" என்று எதைச் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது குழாய்க்குள் பசை செலுத்தி ஒட்டும் முறையையும் விளம்பரங்களில் ஊசி என்றே சொல்கிறார்கள். அது வேறு பொருள், வேறு விலை, அந்தப் பசை உடம்பிலேயே தங்கிவிடும். லேசரும் ஆர்.எஃப்.ஏ.வும்கூட ஊசித் துளை வழியாகத்தான் செய்யப்படுகின்றன, மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். ஆக, கத்தி வேண்டாம் என்பதற்காக நுரை ஊசியைத்தான் பிடித்துத் தொங்க வேண்டும் என்று அவசியமில்லை.

பக்க விளைவுகளை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. மிகச் சாதாரணமாக வருவது, ஊசி போட்ட தடத்தில் பழுப்புக் கறை. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மங்கிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். நம் மாநிறத் தோலில் அது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அதனால் அழகுக்காக மட்டும் போட வருகிறவர்களிடம், நீலக் கோடு போய்ப் பழுப்புக் கோடு கொஞ்ச காலம் இருந்தால் சம்மதமா என்று முதலிலேயே கேட்டுவிடுவேன், உங்களிடமும் அதையே கேட்கிறேன். சுற்றிலும் புதிதாக மெல்லிய சிவப்புக் கோடுகள் முளைப்பதும் உண்டு, பல மாதம் கழித்துத் தானாகப் போய்விடும். பெரிய குழாயில் போட்டால் அது கயிறு மாதிரி கெட்டியாகி வலிக்கும், உள்ளே சிக்கிக் கட்டிப்போன ரத்தத்தைச் சில வாரம் கழித்து ஊசி குத்தி வெளியே எடுத்துவிட்டால் வலியும் கறையும் குறையும். மருந்து குழாய்க்கு வெளியே கசிந்தாலோ, சின்னத் தமனி ஒன்றில் போய்விட்டாலோ தோல் அழுகிப் புண்ணாகலாம். அபூர்வம்தான், ஆனால் பார்த்துப் போடத் தெரிந்தவர் போட வேண்டும் என்பதற்குக் காரணமே அதுதான். ஆழக்குழாயில் ரத்தக்கட்டு, கடுமையான ஒவ்வாமை இரண்டும் அரிது. நுரை போட்டவுடன் சிலருக்குக் கண்ணில் மின்னல் மாதிரி தெரிந்து, தலைவலி வந்து போகும். பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே மூடாமல் விட்ட சின்ன வழி ஒன்று இருக்கும், குமிழிகள் அதன் வழியாக இடப்பக்கம் போவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அப்படிப் பக்கவாதம் வரை போன நிகழ்வுகள் மிக மிகக் குறைவு, ஆனால் பதிவாகியிருக்கின்றன. எனவே அம்மாவுக்குக் கண் மின்னலோடு ஒற்றைத் தலைவலி வருமா, முன்பு எப்போதாவது பக்கவாதமோ ரத்தக்கட்டோ வந்ததா, ஹார்மோன் மாத்திரை எடுக்கிறாரா என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். கோயில் திருவிழா, வீட்டு விசேஷம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும், அதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இந்த ஊசி போடுவதில்லை. கர்ப்பத்தில் தோன்றும் சுருட்டல் பிரசவத்துக்குப் பின் பல சமயம் தானாகக் குறையும் என்பதால், நீங்கள் குழந்தைக்குத் திட்டமிட்டால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊசிக்குப் பிறகு காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸ் எத்தனை நாள் போட வேண்டும் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சிலர் சில நாள் என்பார்கள், சிலர் மூன்று நான்கு வாரம் என்பார்கள், ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. நான் பெரிய குழாய்க்கு இரண்டு வாரம் பகலில் போடச் சொல்கிறேன், அது என் பழக்கம், வேதவாக்கு இல்லை. அம்மாவுக்குச் சிகிச்சை தள்ளிப்போனாலும் ஸ்டாக்கிங்ஸ் உதவும், ஆனால் சர்க்கரை நோயோ புகையிலைப் பழக்கமோ இருந்தால் முதலில் பாத நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள், தமனி அடைப்பு உள்ள காலை இறுக்கினால் ஆபத்து. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும், ராத்திரி கழற்றிவிடலாம். நம் ஊர் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பது எவ்வளவு கொடுமை என்று தெரியும், அதனால் முழங்கால் வரை உள்ளதே போதும் என்று பலருக்கும் சொல்கிறேன், தொடை வரை வாங்கிப் பீரோவில் வைப்பதைவிட அது மேல். தைலம் தேய்ப்பதாலோ மாத்திரையாலோ கெட்ட வால்வு திரும்ப வராது. மாத்திரைகள் சிலருக்கு வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், அவ்வளவுதான். கறுத்த இடத்தில் அரிப்பு வந்தால் சொறிய விடாதீர்கள், தேங்காய் எண்ணெயோ வேறு ஈரப்பதக் க்ரீமோ தடவி வாருங்கள், அங்கே நகம் பட்ட கீறல்தான் பல பேருக்கு ஆறாத புண்ணாக மாறியிருக்கிறது.

பெரிய குழாய்களை மூடினால் நாளைக்கு இதய பைபாஸுக்குக் காலிலிருந்து எடுக்க நரம்பு வேண்டுமே என்றும் சிலர் பயப்படுவார்கள், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பழுதாகிச் சுருண்டு விரிந்த குழாய் பைபாஸுக்குப் பெரும்பாலும் ஆகாது. நன்றாக இருக்கும் குழாயை யாரும் தொடக் கூடாது, அதற்கும் அந்த ஸ்கேன்தான் சாட்சி.

செய்ய வேண்டியது என்று கேட்டால், அந்த கிளினிக்கில் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு ரத்தக்குழாய் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள், சென்னையில் இருந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும், காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போய் அங்குள்ள கவுன்டரில் எதற்குப் பொருந்தும் என்று கேளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். புடைத்த நரம்பு குளியலறையில் எதிலாவது உரசி உடைந்தால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும், பார்க்கவே பயமாக இருக்கும். அப்போது தொடையில் துண்டை இறுக்கிக் கட்டாதீர்கள், அரைகுறையாகக் கட்டினால் ரத்தம் மேலே ஏற முடியாமல் இன்னும் அதிகமாகக் கொட்டும். படுக்க வைத்துக் காலை இதயத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, அந்த இடத்திலேயே சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நின்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டாப்ளர் ரிப்போர்ட் வந்ததும் பெயரை மறைத்துவிட்டு அந்த வரிகளை மட்டும் இங்கே எழுதுங்கள், என்ன அர்த்தம் என்று விளக்குகிறேன், எந்தச் சிகிச்சை என்பதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.